மூணு செகண்ட் அம்மா

ஜனவரி 6

அக்கா,

பார்சல் வந்துச்சு. பிரிச்சாச்சு. நல்லா இருக்கு. போதுமா?

போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் கத்துறோம், உன் பிள்ளை நடுவுல நின்னு போனையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குதுன்னு நீதான் சட்டம் போட்ட. ஞாயித்துக்கிழமை உங்க விடுதி போன்ல கிடைக்கிற பத்து நிமிஷம் உனக்கும் சுண்டுவுக்கும். நமக்குள்ள எதுன்னாலும் காகிதத்துல. சரி, எழுதுறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பாத.

அந்தப் பொம்மையப் பத்திதான் எழுதணும். சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு, மஞ்சக் கலரு, ஆரஞ்சுக் கைப்பிடி, கீழ நாப்பது பட்டன். "ஆறு கால் உள்ளது எது?"ன்னு ஒரு பொம்பளை கேக்குது. எறும்பு படத்த அமுக்குனா, உன் குரல்ல "அடி என் தங்கமே, கரெக்ட்டு"ன்னு வருது. இத நீ முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் குளிச்சுட்டு இருந்தேன். திடீர்னு வெளிய உன் குரல். வந்துட்டியோன்னு துண்ட சுத்திக்கிட்டு, தலையெல்லாம் நுரையோட ஓடி வந்தேன். பாத்தா சுண்டு கட்டில்ல குப்புறப் படுத்து உன்னை அமுக்கிட்டு இருக்கா.

இது வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டதும் நேரா நான் வேலை பாக்குற டயர் கடைக்கு வருவா. பெரிய டயர் மூணை அடுக்கி அதுக்கு நடுவுல இறக்கி விட்டுருவேன். மூஞ்சி மட்டும் வெளிய தெரியும். சுத்தி இருக்குற டயர்ல ஓரமா போட்டிருக்கிற நம்பரெல்லாம் படிப்பா. நூத்தி அறுபத்தஞ்சு, எண்பது, பதினாலு. அஞ்சரை வயசுல மூணு இலக்கம் படிக்கிற பிள்ளைய எங்க பாத்திருக்க? "டிப்ளமோவ பாதியில விட்டவன்கிட்ட படிச்சு இது டாக்டர் ஆயிடும்போல இருக்கே"ன்னு எங்க முதலாளி கிண்டல் பண்ணுவாரு. டயருக்கு ஏன் கோடு கோடா இருக்கு மாமா, காத்துக்கு ஏன் கலர் இல்ல மாமா. ஒரு நாளைக்கு நூறு கேள்வி. பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாததுக்கும் சொல்லுவேன்.

இப்ப டயருக்குள்ள உக்காந்து குனிஞ்சுக்கிட்டே இருக்கா. உச்சந்தலைதான் தெரியுது.

அந்தப் பொம்மைக்கு "மிஸ்"னு பேரு வச்சிருக்கா. மிஸ் தூங்குறாங்க, மெதுவா பேசு மாமா. மிஸ்ஸுக்குக் குளிருது, போர்வ போடு மாமா. நேத்து மிஸ், "இவற்றில் எது மீன் இல்லை?"ன்னு கேட்டுச்சு. நான் எட்டிப் பாத்துட்டு, "எல்லாமே மீன்தான், மிஸ்ஸு லூசு"ன்னேன். சுண்டு திமிங்கலத்த அமுக்குனா. அடி என் தங்கமே. அப்புறம் என்னை நிமிந்து பாத்து, உதட்டக் குவிச்சு, "டொய்ங்"ங்குறா. தப்பா அமுக்குனா மிஸ் போடுற சத்தம் அது. "மாமா தப்பு. மறுபடி முயற்சி செய்." பஞ்சர் ஒட்டுற அண்ணன் கையில இருந்த டியூப கீழ போட்டுட்டு சிரிக்கிறாரு. இப்ப கடையில நான் வாயத் திறந்தாலே நாலு பேரு டொய்ங்.

ஒரு சோப்பு டப்பா மேல எனக்குப் பொறாமைன்னு நீ நினைக்கலாம். நினைச்சுக்கோ.

தம்பி

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். நுரையோடு ஓடி வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்னவென்று கேட்டாள். அதற்குப் பிறகு வந்த வரிகளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வரியிலிருந்து கடைசி வரை சுண்டு, சுண்டு, சுண்டு. அது நீ வைத்த பெயர். நான் வைத்த பெயரை இப்போது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. போன ஞாயிறு ஏழு நிமிடம் பேசினாள். அதில் பதினோரு 'மாமா'. விரல் விட்டு எண்ணினேன். 'அம்மா' இரண்டு. அதிலும் ஒன்று, "அம்மா, மாமா கூப்பிடுறாரு, வச்சிடட்டா?" மீதி மூன்று நிமிடம் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவளுக்குப் போனது.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பொம்மைகளைச் சோதிக்கும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நாற்பது பொத்தானையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு, குரல் பதிகிறதா என்று பார்க்க "ஒன்று, இரண்டு" என்று பேசி, கேட்டு, அழித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு பொம்மைக்குள் பேசுகிறேன். நானூறு முறை என்னை நானே அழிக்கிறேன். மூடியில் கீறல் விழுந்தவற்றை எங்களுக்கே கொடுப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தபோது, இதிலாவது நான் அழியாமல் இருக்கட்டும் என்று தோன்றியது.

பெற்றோர் பாராட்டிப் பேசுவதற்குப் பத்து இடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி. துடைப்பம் வைக்கும் அறைக்குள் நின்று பதிந்தேன். மூன்று விநாடியில் எவ்வளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறாய்? "என் கண்ணே" என்று கூடச் சேர்த்தால் கடைசியில் "கரெக்" என்று அறுந்துபோனது. கண்ணை எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன். வருகிற ஜூனில் எனக்கு இங்கே இரண்டு வருடம் முடிகிறது. முடித்தவர்களுக்குக் குடும்பத்தோடு தங்க ஓர் அறை தருகிறார்கள். பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. முதல் வகுப்புக்கு மார்ச் பன்னிரண்டாம் தேதி நேர்முகத் தேர்வு. எண், விலங்கு, வடிவம் எல்லாம் கேட்பார்களாம். பொம்மை அனுப்பியது அதற்காகத்தான். பாப்பாவை நான் என்னோடு கூட்டிக்கொள்ளப் போகிறேன்.

கோபப்படாமல் யோசி. அவள் டயருக்குள் வளர வேண்டாம். நீ படிப்பை விட்டதற்கு ஆயிரம் காரணம் சொன்னாய். அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட அவள் காதில் விழ வேண்டாம்.

அக்கா

ஜனவரி 23

அக்கா,

காகிதத்த எடுத்தா மட்டும் மேடையில பேசுற மாதிரி எழுதுற. "அவள் டயருக்குள் வளர வேண்டாம்." நல்லா இருக்கு. சுவத்துல எழுதி வைக்கலாம்.

டயருக்குள்ள வளந்தவளுக்குக் காய்ச்சல் நூத்தி மூணு போனப்ப நெத்தியில ஈரத்துணி போட்டது யாரு? அம்மை போட்டப்ப சொறியக் கூடாதுன்னு பகல் பூரா ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டே கதை சொன்னது யாரு? மொதல் பல் ஆடுனது, ஷூ லேஸ் கட்டக் கத்துக்கிட்டது, பள்ளிக்கூடத்துல ஒரு பையனக் கடிச்சு வச்சுட்டு வந்தது, எல்லாம் யார் தலையில விடிஞ்சுது? அவங்கப்பன் எங்க இருக்கான்னு அவனுக்கே தெரியாது. நீ போன்ல இருக்க. நான் இங்க இருக்கேன். அவ்வளவுதான் கணக்கு.

உனக்காகத்தான் படிப்ப விட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லத் தெரியாது. உக்காந்தா கால் ஆடுச்சு, போர் அடிச்சுது, விட்டேன். மெக்கானிக் வேலைய விட்டேன். கூரியர் வேலைய ரெண்டே மாசத்துல விட்டேன். எல்லாத்தையும் விட்டேன். இந்தப் பிள்ளைய மட்டும் ஒரு நாள்கூட விடல. அத நீ கவனிச்சிருப்பேன்னு நினைச்சேன்.

நேர்முகத் தேர்வாம். அஞ்சரை வயசுப் பிள்ளைய ஒரு நாற்காலியில உக்கார வச்சு, ஏம்மா எறும்புக்கு எத்தனை காலுன்னு கேப்பாங்களாம். அதுக்கு மிஸ். மிஸ்ஸுக்குள்ள நீ. எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டு, எனக்கு ஜனவரி மாசம் தகவல் சொல்ற. நான் யாரு, வீட்டு வாட்ச்மேனா?

கேள்வி கேட்டுப் பழக்குறேன். அதுல குறை வைக்க மாட்டேன். வேற ஒண்ணும் எழுதறதுக்கு இல்ல.

ஆமா, ரெண்டாவது இடத்துலயும் ஏழாவது இடத்துலயும் உன் குரல் கரகரங்குது. நீ சோதிச்ச லட்சணம்.

தம்பி

பிப்ரவரி 1

தம்பி,

போனை வைத்துப் பத்து நிமிடம் ஆகிறது.

"அம்மா, மிஸ் இப்ப மாமா மாதிரி பேசுறாங்க" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பாராட்டுகளை வரிசையாகப் போடும் நட்சத்திரப் பொத்தானை அமுக்கி, போன் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். "அப்படிப் போடு சுண்டு." "மாமா பொண்ணுன்னா சும்மாவா." "சூப்பர்டா சுண்டு." ஒவ்வொன்றாகப் பத்தையும் கேட்டேன். பத்தும் நீ.

கை தவறிப் பட்டுவிட்டது என்று எழுதாதே. இரண்டு பொத்தானைச் சேர்த்து ஐந்து விநாடி அமுக்கினால்தான் சிவப்பு விளக்கு எரியும். அது எரிகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஐந்து விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். மனம் மாறுவதற்குப் போதுமான நேரம். அப்படிப் பத்து முறை உட்கார்ந்திருக்கிறாய்.

கரகரக்கிறது என்று எழுதினாயே. எழுதும்போதே எத்தனை முடித்திருந்தாய்?

இங்கே நான் என்னை அழிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். உனக்கு யார் என்ன தந்தார்கள்?

கடைசியில், "அம்மா, பஸ் எங்க வருது?" என்று கேட்டாள். எந்த பஸ் என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அது என்ன என்று மட்டும் எழுது. மற்றது எதுவும் வேண்டாம்.

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

ஆமா. நான்தான். கை தவறல.

உன் லெட்டர் வந்த அன்னிக்கு ஒண்ணு மாத்துனேன். ரெண்டாவது. டயருக்குள் வளர வேண்டாம்னு நீ எழுதுனது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சும்மா ஒண்ணு, விளையாட்டுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அடுத்த நாள் ஏதோ கேள்விக்கு என் குரல் வந்ததும் சுண்டு திரும்பி என்னப் பாத்து சிரிச்சா. நிறுத்தியிருந்தா அதோட போயிருக்கும். எனக்கு எதத்தான் நிறுத்தத் தெரியும்? பாதியில விட்டுட்டுப் போகத்தான் தெரியும். ஏழாவது மாத்துனேன். உனக்குக் கரகரன்னு எழுதுறப்ப ரெண்டு முடிஞ்சிருந்துச்சு. அந்த வாரத்துக்குள்ள மிச்ச எட்டும்.

பஸ்ஸப் பத்திக் கேட்டியே. அதச் சொல்றேன்.

சனிக்கிழமை பொம்மைய அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு இருந்தா. பத்தும் நான். அழல. எந்திரிச்சுப் போயி, கட்டிலுக்கு அடியில நீ விட்டுட்டுப் போன நீலச் செருப்ப இழுத்து எடுத்தா. தூசிய அவ கைக்குட்டையால தொடச்சா. வாசல்ல கொண்டுபோயி, மொனை உள்பக்கம் பாக்குற மாதிரி வச்சா.

"என்னடி பண்ற?"

"அம்மா வர்றாங்க."

"யாரு சொன்னா?"

"நீ உள்ள போயிட்டல்ல."

எனக்கு மண்டையில ஏறல. அவளே பொறுமையா விளக்குனா, அவ டீச்சரு, நான் மக்கு மாதிரி. "அம்மா உள்ள இருந்தப்ப நீ வெளிய இருந்த. இப்ப நீ உள்ள போயிட்ட. அப்ப அம்மா வெளிய வந்துட்டாங்க. பஸ் ஏறியிருப்பாங்க."

நான் அப்பவே சொல்லியிருக்கணும். இல்லடி, நான்தான் அழிச்சேன், அம்மா வரலன்னு. ஞாயித்துக்கிழமை உன்கிட்ட போன்ல பேசியும் நம்பிக்கை போகல, வழியில இருந்து பேசுறாங்கன்னு சொன்னா. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் கடைக்கு வர மாட்டேன்னுட்டா. ஸ்கூல் விட்டு வந்து வாசப்படியில செருப்புக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. நான் முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டு உள்ள உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவை தெருமுனையில ஆளுங்க திரும்பும்போதும் அவ முதுகு நிமிரும். அப்புறம் வளையும். அத நாலு நாள் பின்னாலிருந்து பாத்தேன்.

வெள்ளிக்கிழமை பொம்மையக் காதுல வச்சு ஆட்டுனா. மூடிகிட்ட வாய வச்சு சொல்றா: "மாமா, நீ வெளிய வந்துடு. அம்மா திரும்ப உள்ளயாவது இருக்கட்டும்."

நான் அவளுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் அக்கா. வெளியதான்டி இருக்கேன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல.

பத்தையும் அழிச்சுட்டேன். இப்ப சரியா அமுக்குனா ஒண்ணும் வர்றதில்ல. மூணு செகண்ட் சும்மா போகுது. அந்த மூணு செகண்டும் காத வச்சுக் கேக்குறா. வேணும்னே தெரிஞ்ச கேள்வியா அமுக்கிட்டு, காத வைக்கிறா.

உன் குரல திரும்பக் கொண்டு வர எதாவது வழி இருந்தா எழுது. நீ அங்கதான வேலை பாக்குற. இல்லன்னா திட்டியாவது எழுது.

தம்பி

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

வழி இல்லை. புதிய குரல் வந்தால் பழையது இருந்த இடமே இருக்காது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அதைத்தான் சொல்லித் தந்தார்கள்.

திட்டி மூன்று பக்கம் எழுதினேன். மறுநாள் வரிசையில் உட்கார்ந்து, எடுத்த பொம்மைக்குள் "ஒன்று" என்று சொல்லிவிட்டு அடுத்தது வாயில் வராமல் நின்றேன். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள்ளேயே இருந்தது. மேற்பார்வை அம்மா வந்து, "தூங்குறியா?" என்று தோளைத் தட்டினாள். அன்று மாலை அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன். காரணம், நான் எழுதியிருந்ததில் பாதி உன்னைப் பற்றி இல்லை.

பொம்மையை நேர்முகத் தேர்வுக்காக அனுப்பினேன் என்றேன். அது பின்னால் சேர்த்துக்கொண்ட காரணம். டிசம்பரில் ஒரு ஞாயிறு, நிலா ஏன் கூடவே வருகிறது என்று பாப்பா கேட்டாள். நான் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இரு, மாமாகிட்ட கேட்டுட்டு வர்றேன். மாமா சொன்னாத்தான் சரி" என்று போனை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் காத்திருந்தேன். திரும்பி வரவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போனதும் கீறல் விழுந்தவை எங்கே என்று கேட்டேன்.

இன்னும் ஒன்று. மாமா ஏதாவது தப்பாகச் சொன்னால் மிஸ் மாதிரியே 'டொய்ங்' என்று சொல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். பொம்மை வந்து சேர்ந்த ஞாயிறு, போனில். அவள் அதைச் செய்தாள் என்று உன் கடிதத்தில் படித்தபோது எனக்கு இனித்தது. கடையில் நாலு பேர் உன்னைக் கேலி செய்த இடத்தை இரண்டாம் முறையும் படித்தேன்.

நீ பத்து முறை ஐந்து விநாடி என்றால், நான் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் பன்னிரண்டு, காலை பத்து மணி. எனக்கு அன்று ஒரு நாள்தான் விடுப்பு தந்திருக்கிறார்கள். அங்கே வந்து அழைத்துவர முடியாது. நீயே கூட்டி வா. பதினைந்து மணி நேரப் பயணம், அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் வாங்கு. செருப்பை எடுத்து உள்ளே வை. அம்மா வெளியே வரவில்லை, நாம்தான் அம்மாவிடம் போகிறோம் என்று சொல்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இடம் கிடைத்துவிட்டது. நேற்று பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். ஐந்தாவது பெயர்.

அதைக் கேட்டு நீ என்ன முகம் வைப்பாய் என்று தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் நான் என்ன முகம் வைத்திருந்தேன் என்று நீ பார்த்தாய். தொழிற்சாலையில் தொப்பி போட வேண்டும் என்று முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டதை நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இளைத்தும் போயிருக்கிறேன். இருந்தாலும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அப்படி நிற்கும் ஒருத்தி வேறு யாராக இருக்க முடியும் என்று நினைத்தேன். அவள் உன் காலுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் உன்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. "இவங்க குரல் மட்டும் அம்மா மாதிரி இருக்கு, மாமா."

கேட்காத மாதிரி பையை வாங்கிக்கொண்டேன்.

தேர்வறைக்குள் பெற்றவர் ஒருவர்தான் போகலாம் என்பதால் உன்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நடந்ததை நான் அன்று உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. எறும்பையும் திமிங்கலத்தையும் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமை ஆசிரியை, "இந்தக் கதவுல என்ன எழுதியிருக்கு, தெரிஞ்ச எழுத்து இருந்தா சொல்லு" என்றார். "இருநூத்தி பதினாலு" என்றாள் பாப்பா. மேசை மேல் இருந்த கோப்பைத் திருப்பிக் காட்டினார். "நூத்தி எண்பத்தி அஞ்சு." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார். "டயரு" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். என் தம்பி டயர் கடையில் இருக்கிறான் என்றேன். "நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்காரு" என்றார். நான் எழுதிய வரி எனக்கு நினைவு வந்தது. உனக்கு மறந்திருக்காது.

மதியம் ஆரஞ்சு உரித்தேனே. "மாமா தோலை ஒரே சுருளா எடுப்பாரு" என்று சொல்லிவிட்டு அவள் என் கையில் துண்டு துண்டாக வந்த தோலையே பார்த்தாள். நீ என் கையிலிருந்து பழத்தை வாங்கி ஒரே சுருளாக எடுத்துக் கொடுத்தாய். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். அது ஜெயித்தவன் முகம். உனக்கே தெரிந்திருக்காது. எனக்கு அந்தப் பழத்தைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது.

சேர்க்கிறோமா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். படிவம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. ஆனால் சொல்ல வேண்டியவன் நீ. குரல் மட்டும் அம்மா மாதிரி இருக்கிற ஒருத்தியிடம் ஒரு பிள்ளையை அனுப்பலாமா? வேண்டாம் என்று எழுது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏழு நிமிடத்தோடு இருந்துவிடுகிறேன். அதற்குப் பிறகு உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது. சொல்வேன். ஆனாலும் இருந்துவிடுவேன்.

அக்கா

மார்ச் 23

அக்கா,

கையெழுத்துப் போடு.

ஜெயிச்ச மூஞ்சின்னு எழுதியிருந்த. ஆமா, ஜெயிச்சேன். பஸ் ஸ்டாண்டுல அவ என் கால கட்டிக்கிட்டப்ப உள்ளுக்குள்ள ஒரு விசில் அடிச்சேன். ஆரஞ்சுக்கு இன்னொரு விசில். பஸ் ஏறுற வரைக்கும் விசில்தான்.

திரும்பி வர்றப்ப எப்பவும் போல என் மடியில சாய்வாளேன்னு துண்ட மடிச்சு வச்சிருந்தேன். சாயல. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து, வலது கையக் கிண்ணம் மாதிரி மூக்குல வச்சுக்கிட்டே வந்தா. என்னடின்னேன். "அவங்க பிடிச்ச கை, மாமா. சோப்பு வாசனை." ரோட்டக் கடந்தப்ப நீ பிடிச்ச கை. பதினஞ்சு மணி நேரத்துல பாதி நேரம் அத மோந்துக்கிட்டே வந்தா. சாப்பிட இறங்குன இடத்துல கை கழுவ மாட்டேன்னு ஒரே அடம். நான் என் கைய நீட்டுனேன். மோந்து பாத்துட்டு, "இது ரப்பரு, இது தெரியும்" அப்படின்னு சொல்லிட்டு மறுபடியும் அவ கைக்கே போயிட்டா.

வயிறு எரிஞ்சுது. இப்பவும் எரியுது. எரிஞ்சுக்கிட்டேதான் எழுதுறேன். ஆனா நாலு நாள் அவ வாசல்ல உக்காந்ததப் பாத்தவன் நான். இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது.

நீ அங்க தோத்துடக் கூடாது. தோத்தா அழப்போறது அவதான். அதனால சொல்றத எழுதி வச்சுக்கோ, படிச்சவ நீ, ஒரே தடவையில புரியும்.

பால்ல ஏடு இருந்தா குடிக்க மாட்டா. நீ முன்னாடியே எடுத்துட்டுக் குடுத்தாலும் நம்ப மாட்டா, அவ கண்ணு முன்னாடி எடுக்கணும். தலை வாருறப்ப கீழ இருந்து மேல வா. வலிச்சா வாய் திறக்க மாட்டா, தோள் ரெண்டும் காதுக்கு ஏறும், அதப் பாத்துக்கோ. பொய் சொன்னா இடது காதச் சொறிவா. உடனே புடிக்காத. சாயங்காலம் வரைக்கும் விடு, அவளே வந்து, "ஒரு கதை சொல்லட்டா, ஒரு பொண்ணு இருந்தாளாம்"னு ஆரம்பிப்பா. அந்தப் பொண்ணு அவதான். வயித்து வலின்னு கத்துனா ஸ்கூலுக்கு அனுப்பு. சத்தமே இல்லாம சுவத்தப் பாத்து உக்காந்தா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு. காத்துல கதவு டம்முன்னு சாத்துனா, "காத்துதான்"னு நீ சத்தமாச் சொல்லணும். சொல்லலன்னா யாரோ கோவமாப் போயிட்டாங்கன்னு நினைச்சுக்குவா. படுக்கிறப்ப கதவு நாலு விரல் திறந்திருக்கணும். அவளே விரல் வச்சு அளப்பா. அவ விரல், உன் விரல் இல்ல. ஆரஞ்சுக்கு, காம்பு இருந்த பள்ளத்துல கட்டைவிரல வச்சு, பழத்தத் திருப்பணும், தோல இழுக்கக் கூடாது. ஜூன் வரைக்கும் தினம் ஒண்ணு உரிச்சுப் பழகு. எனக்கே மூணு மாசம் ஆச்சு.

கேள்வி கேப்பா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. நான் சொன்னதெல்லாம் தப்புன்னு இப்ப அவளுக்கே தெரிஞ்சுபோச்சு, ஆனாலும் கேட்டுக்கிட்டேதான் இருக்கா. அவளுக்குப் பதில் வேணாம்போல, ஆளு இருந்தா போதும்போல.

முதல் வாரம் மாமா, மாமான்னு சொல்லிட்டே இருப்பா. எண்ணாத.

இன்னும் ஒண்ணு இருக்கு. சில நாள் எதுக்கும் அடங்காம அழுவா. பாலுக்கும் அடங்காது, கதைக்கும் அடங்காது. அப்ப நான் ஒண்ணு செய்வேன். ரெண்டே நிமிஷம், சிரிச்சுடுவா. அது என்னன்னு எழுத மாட்டேன். கேக்காத. எல்லாத்தையும் உனக்கே குடுத்துட்டா அப்புறம் நான் யாரு?

உன்னால முடியவே இல்லன்னா எனக்குப் போன் பண்ணு. சண்டை போட மாட்டேன். போன அவ காதுல வச்சுட்டு, நீ அறைக்கு வெளிய போயி நில்லு.

தம்பி